டிரைவர் எங்கே படுப்பார்?

கேம்பர் வேன் வீடியோ பார்க்காத ஹாஸ்டல் ரூம் நம்ம காலேஜில் இருக்கா? ராத்திரி ஒரு மணிக்கு யாராவது ஒருத்தன் போனில், யாரோ ஒரு வெளிநாட்டு ஜோடி பழைய வேனை வாங்கி, பிளைவுட் அறுத்து, மெத்தை போட்டு, ஏதோ ஒரு ஏரிக்கரையில் கதவைத் திறந்து காபி குடிக்கிற காட்சியைப் பார்த்துக்கிட்டு இருப்பான். "மச்சி, பிளேஸ்மென்ட் கிடைச்சதும் நாமளும் ஒண்ணு பண்றோம்டா" என்பான். நாங்க நாலு பேர் பிளேஸ்மென்ட் வரைக்கும் காத்திருக்கலை. ஃபைனல் இயர் புராஜெக்டாவே எடுத்துட்டோம். தலைப்பு: பழைய வேனில் நாலு பேர் படுக்கும் கேம்பர்.

இந்தக் கட்டுரை அந்தப் புராஜெக்டைப் பத்தின விளம்பரம் இல்லை. அதில் நாங்க பண்ணின ஒரு தப்பைப் பத்தினது. அந்தத் தப்பை நம்மில் பெரும்பாலானவங்க பண்ணுவாங்கன்னு நினைக்கிறேன். அதனால்தான் எழுதுறேன்.

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன். எங்களுக்குக் கிடைச்சது எஃப்.சி. முடிஞ்சு ஷெட்டில் நின்ன ஒரு டூரிஸ்ட் வேன். சீட்டெல்லாம் கழற்றின பிறகு டேப் வச்சு அளந்தோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து பின் கதவு வரைக்கும் 360 செ.மீ. உள் அகலம் 175 செ.மீ. உயரம் 180 செ.மீ. வேனுக்குள்ளே இடம் தேடுறது சீட்டுக்கட்டு அடுக்குற மாதிரி. ஒரு பக்கம் ஜெயிச்சா இன்னொரு பக்கம் தோற்போம்.

படுக்கையைக் குறுக்கே போடலாமா, நீளவாக்கில் போடலாமா என்பதுதான் முதல் கேள்வி. குறுக்கே போட்டா நீளம் மிச்சமாகும். ஐரோப்பாவில் வேன் மாத்துறவங்களுக்கு ஃபியட் டுகாட்டோ ரொம்பப் பிடிச்சதுக்கு இதுவே பெரிய காரணம். அதன் உள் அகலம் 187 செ.மீ. ஆறடி ஆள் குறுக்கே காலை நீட்டலாம். எங்க வேனில் 175. ரெண்டு பக்கமும் இன்சுலேஷனும் பேனலும் அடிச்ச பிறகு 170. எங்க டீமில் ஒருத்தன் 5 அடி 8 அங்குலம், அதாவது 173 செ.மீ. அவன் கடைசி வரைக்கும் முட்டியை மடக்கித்தான் படுத்தான்.

கடைசியில் நாங்க முடிவு பண்ணின அமைப்பு இது. பின் கதவை ஒட்டி 125 செ.மீ. அகலத்தில் ஒரு மேடை, குறுக்கே ரெண்டு பேர். அதுக்கு முன்னாடி வலது பக்கச் சுவரை ஒட்டி, 190 செ.மீ. நீளத்தில் மேலொண்ணு கீழொண்ணா ரெண்டு பங்க். மீதி 45 செ.மீ. அதில் டிரைவர் சீட்டு முதுகோடு முதுகு ஒட்டி ஒரு கிச்சன் பெட்டி. 125, 190, 45. கூட்டிப் பாருங்க, சரியா 360. ஒரு சென்டிமீட்டர் வீணாகலை. எங்களுக்கு அவ்வளவு பெருமை.

18 மி.மீ. பிளைவுட் முழு ஷீட் ஒண்ணு 35 கிலோ பக்கம் வரும். அதையே எல்லாத்துக்கும் போட்டா வண்டி ஆட்களை ஏத்துறதுக்கு முன்னாடியே களைச்சுப் போயிடும்னு, அலுமினியம் ஃபிரேம் போட்டு மேலே 12 மி.மீ. பலகை வச்சோம். இதையெல்லாம் யோசிச்ச நாங்கதான் அந்தத் தப்பையும் பண்ணினோம்.

அந்த ராத்திரி

என் அப்பா வேன் டிரைவர். ஊர்ல ஒரு டிராவல்ஸில் ஓட்டுறார். நான் இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சதும், இந்தக் காலேஜில் சேர்ந்ததும் அந்த ஸ்டியரிங்கில் வந்த காசுதான். இதை இங்கே சொல்றது பரிதாபத்துக்காக இல்லை. இந்த விஷயம் மத்தவங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம், எனக்குத் தெரியாமல் போனதுக்குச் சாக்கே இல்லைன்னு சொல்றதுக்காக.

படுக்கைகளை ஒரு ராத்திரி முழுக்கப் படுத்துச் சோதிக்க வொர்க்‌ஷாப் வளாகத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். நாலு படுக்கை, நாலு பேர். மணிக்கு ஒரு தடவை உள்ளே வெப்பநிலை குறிச்சுக்கணும். அன்னைக்கு அப்பா ஒரு கல்யாணப் பார்ட்டியை இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டிருந்தார். காலையில் நாலு மணிக்கு அவங்களைத் திரும்ப ஏத்தணும். இடையில் என்னைப் பார்த்துட்டுப் போகலாம்னு பதினொரு மணிக்கு வந்தார்.

வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். பங்கை அழுத்திப் பார்த்தார். "நல்லா இருக்குடா" என்றார். அப்புறம் பழக்கதோஷத்தில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாய்க்கிற லீவரை இழுத்தார். சீட்டு பின்னாடி போகலை. மறுபடி இழுத்தார்.

"இது சாயாதாடா?"

"சாயாதுப்பா. பின்னாடி கிச்சன் இருக்கு."

"ஓ. சரி சரி."

அவ்வளவுதான் பேச்சு. இறங்கிட்டார். நீங்க இங்கேயே படுங்கப்பான்னு சொன்னேன். "டெஸ்ட் நடக்குதுல்ல, நீங்க பாருங்க" என்று சொல்லிட்டு, தோள் துண்டை எடுத்துக்கிட்டுத் தன் வேனுக்குப் போனார். பின்னாடியெல்லாம் பார்ட்டியோட பெட்டிகள். அதனால் முன் சீட்டைச் சாய்ச்சு, காலை டாஷ்போர்டு மேல தூக்கி வச்சுப் படுத்தார். நான் மேல் பங்கில் படுத்துக்கிட்டு ஜன்னல் வழியா அந்தக் காலைப் பார்த்தேன். ரெண்டு மணிக்கு வெப்பநிலை குறிக்க எழுந்தப்பவும் அதே கால் அங்கேயே இருந்தது.

நாலு மாசம் நாங்க வரைஞ்ச வரைபடத்தில் டிரைவர் சீட்டு ஒரு கட்டமா மட்டும்தான் இருந்தது. அதில் ஒரு மனுஷன் இருக்கார், அவருக்கும் ராத்திரி வரும் என்பது நாலு பேரில் ஒருத்தருக்கும் தோணலை. டிரைவர் மகனுக்குக்கூட.

தப்பு எங்கிருந்து வந்தது?

நாங்க பார்த்துப் படிச்ச அமைப்புகள் எல்லாம் டிரைவர் என்று தனியா ஒரு ஆள் இல்லாத ஊர்களிலிருந்து வந்தவை. ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் 1950-ல் ஜெர்மனியில் வந்தது. அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதுக்குள்ளே வைக்கிற 'கேம்பிங் பாக்ஸ்' பண்ணிக் கொடுத்தது. வாரத்தில் வேலைக்கு, லீவில் குடும்பத்தோடு ஊர் சுத்த. இங்கிலாந்தில் டார்மொபைல் என்று கூரையைத் தூக்கி மேலே படுக்கை போடுற வண்டிகள் வந்தன. இவை எல்லாத்திலும் ஓட்டுறவர் அந்தக் குடும்பத்தின் அப்பாவோ அம்மாவோதான். வண்டி நின்னதும் அவரும் பின்னாடி வந்து படுத்துக்குவார். நாலு பேர் பயணம் போனா நாலு படுக்கை போதும். கணக்கு சரி.

நம்ம ஊரில் வேன் அப்படி வளரலை. பஜாஜ் டெம்போ கம்பெனி மெர்சிடஸோட ஒரு வேனை அடிப்படையா வச்சு 1987-ல் டெம்போ டிராவலரைக் கொண்டுவந்தது. இன்னைக்கும் எந்தக் கம்பெனி வேன் வந்தாலும் நம்ம வாயில் 'டெம்போ டிராவலர்'தான். அதை நாம ஓட்டிக்கிட்டுப் போறதில்லை. டிரைவரோடு சேர்த்துத்தான் புக் பண்றோம். பழனிக்கு, ராமேஸ்வரத்துக்கு, சபரிமலைக்கு, ஐ.வி.க்கு. பயணம் போறவங்க பன்னிரண்டு பேர்னா வண்டிக்குள்ளே பதின்மூணு பேர்.

இப்போ நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயத்தைக் கவனிங்க. சாதாரண டூரிஸ்ட் வேனில் ராத்திரி ஆனா பார்ட்டி லாட்ஜுக்குப் போயிடும். வண்டி காலி. கடைசி வரிசை சீட்டில் காலை மடக்கியாவது டிரைவர் படுத்துக்குவார். அது வசதின்னு சொல்ல மாட்டேன். ஆனா அது அவருக்குன்னு ஒரு இடம். கதவைப் பூட்டிக்கலாம், துண்டை விரிச்சுக்கலாம். அதே வேனை நாம கேம்பரா மாத்தினதும் என்ன ஆகுது? பார்ட்டி வண்டிக்குள்ளேயே படுக்குது. அந்தக் கடைசி வரிசையும் போயிடுது. நாம 'கூடுதல் படுக்கை வசதி' என்று பெயர் வச்ச ஒவ்வொண்ணும் டிரைவர் கையில் இருந்த கொஞ்ச இடத்திலிருந்து எடுத்தது. நாங்க ஒரு படி மேலே போய், சீட்டைச் சாய்க்கிற இடத்தையும் எடுத்துட்டோம்.

நீங்க கேட்கப் போறது எனக்குத் தெரியும்

எங்க டீமிலேயே இதைப் பத்திச் சண்டை வந்தது. அந்தக் கேள்விகளையே இங்கே வைக்கிறேன்.

"டிரைவருக்குத் தனி ரூம் போட்டுக் கொடுத்துடலாமே?" கொடுக்கலாம், கொடுத்தா ரொம்ப நல்லது. ஆனா ரூம் வாடகையே வேண்டாம்னுதானே கேம்பர் எடுக்கிறோம்? ஏரிக்கரையில், காபி எஸ்டேட் ஓரத்தில் நிறுத்தணும்னு ஆசைப்படுறோம். அங்கே ரூம் எங்கிருந்து வரும்?

"நாமளே ஓட்டினா டிரைவரே வேண்டாமே?" சரி. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இன்குபேட் ஆன கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனத்தோடு மஹிந்திரா 2022-ல் ஒப்பந்தம் போட்டது. பொலேரோ வண்டியில் நாலு பேர் படுக்கிற கேம்பர் என்று அறிவிச்சாங்க. அந்த மாதிரி சொந்தமா ஓட்டுற வண்டிக்கு நான் சொல்றது பொருந்தாது. ஆனா வாடகைக்கு விடப் போற வேனை வடிவமைக்கிறவங்க அந்தச் சலுகையை எடுத்துக்க முடியாது. எங்க புராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே 'சுற்றுலா வாடகை வாகனம்' என்றுதான் எழுதியிருந்தோம்.

"டிரைவர் அண்ணாக்களே 'எனக்குச் சீட்டே போதும் சார்'னு சொல்றாங்களே?" சொல்லுவாங்க. என் அப்பாவும் "சரி சரி" என்றுதான் சொன்னார். வேற எதுவும் கேட்டா கிடைக்காதுன்னு பல வருஷமா பழகினவங்க சொல்ற பதில் அது. யூசர் சர்வேன்னு கிளாஸில் படிக்கிறோமே, சர்வேயில் 'போதும்' என்று வந்தா அதை அப்படியே எடுத்துக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போறவன் நல்ல இன்ஜினியர் இல்லை.

"இது நல்ல மனசு விஷயம், டிசைன் விஷயம் இல்லையே?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. 1997-ல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காமல் இருந்த ஆளோட செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற ஆளோட அளவுக்கு இறங்கிப் போகுது. நம்ம நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி., அதாவது 0.03 சதவீதம். தூங்காத டிரைவரை ஊதச் சொன்னா மெஷினில் எதுவும் காட்டாது. ஆனா காலையில் ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் உங்க மெத்தையையும் உங்களையும் சேர்த்து இறக்கப் போறவர் அவர்தான். பிரேக் பேடுக்கு டிசைன் கணக்குப் போடுறோம். பிரேக்கை மிதிக்கிற காலுக்கும் போட வேண்டாமா?

இதைக் கணக்கா எழுதி வச்ச ஊர்களும் இருக்கு. அமெரிக்காவில் லாரிக்குள்ளே டிரைவர் படுக்கை வச்சா அது குறைந்தது 75 அங்குல நீளம், 24 அங்குல அகலம், மேலே 24 அங்குலக் காலியிடம் இருக்கணும்னு விதி. 1975-க்கு அப்புறம் பொருத்தின படுக்கைகளுக்கு இதுதான் அளவு. நம்ம நாட்டிலும் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துடுச்சு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல போனா நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு என்று, 2025 வரைக்கும் அமலில் இருந்த அந்தச் சட்டத்தில் இருந்தது. ஓய்வு எவ்வளவு நேரம் என்று சட்டம் சொல்லிடுச்சு. எந்த இடத்தில் என்பதை வண்டியை வரையுற நாமதான் சொல்லணும்.

நாங்க மாத்தினது

இதைப் படிச்சுட்டு 'அப்போ பெரிய வண்டி வேணும், பெரிய செலவு ஆகும்' என்று நினைக்காதீங்க. நாங்க ஒரு பலகைகூடப் புதுசா வாங்கலை.

கிச்சன் பெட்டியை டிரைவர் சீட்டுப் பின்னாலிருந்து எடுத்தோம். பின் மேடைக்கு அடியில், பின் கதவைத் திறந்து வெளியே இழுக்கிற டிராயரா மாத்தினோம். அடுப்பு வண்டிக்கு வெளியே வந்துடுச்சு. கேஸ் வாடை உள்ளே தங்காது. உண்மையைச் சொன்னா இதை முதல்லயே பண்ணியிருக்கணும்.

அதனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் 45 செ.மீ. காலியாச்சு. சீட்டு இப்போ நல்லா சாயுது. அந்த இடைவெளி வழியாவே டிரைவர் பின்னாடி போகலாம். போனா கைக்கு எட்டுறது கீழ் பங்க். 190 செ.மீ. நீளம், 65 செ.மீ. உயரக் காலியிடம். அதை டிரைவர் படுக்கைன்னு ஒதுக்கிட்டோம். அதுக்குத் தனித் திரை, தனி ஃபேன், தனி சார்ஜிங் பாயின்ட், தலைமாட்டில் தனி ஜன்னல். பார்ட்டி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அரட்டை அடிச்சாலும் அவர் பத்து மணிக்குத் திரையை இழுத்து விட்டுத் தூங்கலாம்.

பின்னாடி மேடையில் ரெண்டு பேர், மேல் பங்கில் ஒருத்தர். ஆக, பயணிகள் மூணு பேர். ஒரு டிக்கெட் குறைஞ்சது. ரிவியூவில் அதைத்தான் கேட்டாங்க: "கெப்பாசிட்டி குறைஞ்சிடுச்சே, தலைப்பை மாத்தணுமா?" வேண்டாம் சார்னு சொன்னோம். நாலு பேர் படுக்கும் கேம்பர் என்ற தலைப்பு இப்போதான் உண்மை. முன்னாடி அஞ்சு பேர் போற வண்டியில் நாலு படுக்கை இருந்தது.

இதைப் படிச்சுட்டு வேன் வாங்கக் கிளம்புறவங்களுக்கு

மூணு விஷயம் சொல்லாமல் முடிச்சா தப்பாகும்.

ஒண்ணு, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் இருக்கிற விவரங்களுக்கு மாறா வண்டியின் அமைப்பை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. அனுமதியில்லாமல் மாத்தினா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டும் சேர்த்தே வரலாம். கேரவன் வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலையே இருக்கு. எங்க வண்டி காலேஜ் கேட்டைத் தாண்டினதில்லை, தாண்டவும் செய்யாது. ரோட்டில் ஓட்டணும்னா முதல் வேலை ஆர்.டி.ஓ. ஆபீஸில், அப்புறம்தான் ஹார்டுவேர் கடையில்.

ரெண்டு, காத்து. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ளே ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஒருத்தர் அந்த வண்டியோட டிரைவர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்கறதை டிசைனிலேயே முடியாத மாதிரி பண்ணுங்க. எதிரெதிரா ரெண்டு ஜன்னல், பேட்டரியில் ஓடுற ஃபேன், ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். இந்த மூணும் மெத்தைக்கு முன்னாடி பட்ஜெட்டில் வரணும்.

மூணு, பெல்ட். படுக்கை என்பது நின்ன வண்டிக்கு. ஓடுற வண்டியில் எத்தனை பேர் போறாங்களோ அத்தனை பெல்ட் போட்ட சீட்டு வேணும். படுத்துக்கிட்டே மலை ஏறலாம்னு யாராவது சொன்னா, அவன் இன்னும் டைனமிக்ஸ் பேப்பர் கிளியர் பண்ணலைன்னு அர்த்தம்.

இன்ஜினியரிங் படிக்கிற நம்ம மேல எனக்கு இருக்கிற வருத்தம் இதுதான். நமக்கு ரெஃபரன்ஸ் எல்லாம் வெளியே இருந்து வருது. அதில் தப்பில்லை. நல்ல டிராயிங் எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கலாம். ஆனா அந்த டிராயிங்கில் இல்லாத ஒரு ஆள் நம்ம ஊரில் இருப்பார். வீட்டு பிளான் போடும்போது சமையல் செய்யுற அக்கா நிற்கிற இடம், மால் கட்டும்போது செக்யூரிட்டி அண்ணன் உட்கார்ற இடம். அவங்களை நம்ம சாஃப்ட்வேர் கேட்காது. நாமதான் கேட்கணும்.

வேன் பண்ணப் போறதில்லையா? சரி, அடுத்த ஐ.வி.க்கு, அடுத்த ஊட்டி டிரிப்புக்கு வண்டி புக் பண்ணுவீங்கதானே? கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஏ.சி. இருக்கா, ஸ்பீக்கர் இருக்கான்னு கேட்பீங்க. கூடவே ஒண்ணு கேளுங்க: "அண்ணா, ராத்திரி நீங்க எங்கே படுப்பீங்க?" பதில் "பார்த்துக்கலாம் தம்பி" என்று வந்தா, பட்ஜெட்டில் இன்னொரு ரூமுக்குப் பங்கு பிரிங்க. தலைக்கு நூறு ரூபாய்கூட வராது.

எங்க வண்டி வொர்க்‌ஷாப் பின்னாடிதான் நிக்குது. வந்து பாருங்க. பின்னாடி மேடையில் படுத்து செல்ஃபி எடுத்துக்கங்க, பரவாயில்லை. போறதுக்கு முன்னாடி கீழ் பங்கில் அஞ்சு நிமிஷம் படுத்துப் பார்த்து, கால் இடிச்சா எங்ககிட்ட சொல்லுங்க. அப்பாவுக்கு 5 அடி 6 அங்குலம், அவருக்கு இடிக்காது. எல்லா டிரைவரும் 5 அடி 6 அங்குலம் இல்லையே.